மேகம் அடித்த சுவர்

ஏணியிலிருந்து விழுந்து இடது குதிகால் எலும்பு உடைந்து, ஐந்து மாதம் படுக்கையில் கிடந்து எழுந்த பிறகு, பெயிண்டர் ரசமட்டத்துக்கு ஏணியைக் கண்டாலே உள்ளங்கை வியர்த்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பெயிண்டர் ஏணிக்குப் பயந்தான் என்று வெளியே தெரிந்தால் டீக்கடையில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

ஆனால் அவர் மறுபடி வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒன்று நடந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே சுவர்களின் மேல் பாதி அடித்து முடிந்திருக்கும். கூரையை ஒட்டிய விளிம்பு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் பட்டை, அலமாரியின் தலைப்பக்கம் எல்லாம். ஏணி மடங்கி வாசலுக்கு வெளியே சாய்ந்திருக்கும். நின்றபடி கை எட்டும் உயரம் மட்டும் அவருக்காகக் காத்திருக்கும்.

அதிகாலையில் வந்து அதைச் செய்தவன் அவருடைய சகலை. அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன். கேட்டால், "தூக்கம் வரல அண்ணே, அதான் சீக்கிரம் வந்துட்டேன்" என்பான். வருஷக்கணக்கில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

ரசமட்டம் நன்றி சொன்னாரா என்றால், சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நிறம் ஓரிடத்தில் அடர்த்தியாகவும் ஓரிடத்தில் தேய்ந்தும் நின்றது. ஈரம் காய்வதற்குள் அடுத்த வீச்சைச் சேர்க்க வேண்டும், அதுதான் தொழில். இவனோ பாதியில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடங்குகிறவன்.

"என்ன சகலை, சுவருக்கு அடிச்சியா, வானத்துக்கு அடிச்சியா? மேகம் மேகமா நிக்குது. கொஞ்ச நேரத்துல மழையே வந்துடும் போல."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றிலிருந்து அவன் பெயர் மேகம். சொந்தப் பெயர் வீட்டு வாடகைச் சீட்டில் மட்டும் இருந்தது.

ரசமட்டத்துக்கும் அது பட்டப்பெயர்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, நடுவில் நீர்க்குமிழி ஓடும் சின்னக் கட்டை, அதன் பெயர். சுவரில் தலைமுடி அளவு மேடு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நிழல் விழுகிறதா என்று பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஆண்டவனை நினைப்பார். அவர் அடித்து முடித்த சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ச்சி.

அந்த ஊரில் பெயிண்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீடுகளுக்கு உள்ளே அழகு பார்த்துச் செய்து கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். இவர்கள் அவரை அலங்கார மேடம் என்பார்கள். அவர் புதிதாக ஒரு வீட்டைக் கையில் எடுத்தால் முதல் போன் ரசமட்டத்துக்குத்தான் வரும். பன்னிரண்டு வருஷமாக அப்படி. அந்தப் போன் வந்தால் அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் பேசுவார், மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது என்றாலும். பிறகு அவர்தான் மேகத்தையும் மற்றவர்களையும் கூப்பிடுவார். நீ சமையலறை, நீ கூடம், நீ கதவு என்று பிரித்துக் கொடுப்பார். முதல் போன் யாருக்கோ அவன்தான் தலை. அந்தப் பெருமையில்தான் ரசமட்டம் அத்தனை வருஷமும் நிமிர்ந்து நடந்தார்.

ஒருநாள் மேடம் இரண்டு பேரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஒரு பெரிய படப் புத்தகத்தை மேசைமேல் விரித்தார். ஜப்பானில் வாபி-சாபி என்று ஒன்று இருக்கிறதாம். பழசாவதையும் தேய்வதையும் கோணலையும் மறைக்காமல், அதிலேயே அழகு பார்க்கிற மனசு அது என்றார். விளிம்பு உடைந்த கிண்ணத்தை எறிய மாட்டார்களாம். மரத்தில் கணு இருந்தால் தெரியட்டும் என்று விடுவார்களாம். அறையில் பாதி காலியாகக் கிடக்குமாம். சுவருக்குச் சுண்ணாம்பில் மண்ணின் நிறம் கலந்து மெல்லிசாகத் தீட்டுவார்களாம், வெளிச்சம் விழும்போது அது ஒரே மாதிரி நிற்காமல் அசைகிற மாதிரி இருக்குமாம். பளபளப்பும் பொருத்தமும் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குச் சலித்துவிட்டது, இனி நாம் இப்படிச் செய்யப் போகிறோம் என்றார்.

ரசமட்டம் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், இதுக்குப் பெயிண்டர் எதுக்கு? ரெண்டு மழைக்காலம் ஜன்னலைத் திறந்து போட்டா போதுமே" என்றார்.

மேடம் சிரித்துவிட்டார். மேகம் மட்டும் சிரிக்காமல் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் சுவர், அதன் கீழே ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் அந்தப் படத்தில்.

அடுத்த வாரம் மேகம் முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் சாவி அவனிடம் இருந்தது. அதை வாங்க மேடமே அவன் வீட்டுக்குப் போனார். அதுவரை அவர் அங்கே போனதில்லை.

முன்னறையில் கால் வைத்தவர் நின்றுவிட்டாராம். பல வீடுகளில் மிஞ்சிய நிறத்தையெல்லாம் சுண்ணாம்பில் கரைத்து மேகம் தன் சுவருக்கு அடித்திருந்தான். என்ன நிறம் என்று சொல்ல முடியாது. காலையில் ஈர மண் மாதிரி, சாயங்காலம் சாம்பல் மாதிரி. ஒரு ஸ்டூல் இருந்தது. மூன்று கால் ஒரே மரம், நாலாவது கால் உடைந்த ரோலரின் கைப்பிடி. வேலை இடத்தில் தரையில் விரிக்கும் கெட்டித் துணியை நூறு தடவை துவைத்து ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கவிட்டிருந்தான். சிந்திய வர்ணப் பொட்டுகள் அதில் மங்கித் தெரிந்தன. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஓர் உருண்டைக் கல். மேசையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தடம், அதை மறைக்காமல் அதன்மேலேயே தண்ணீர்ச் செம்பை வைத்திருந்தான். வேறு சாமான் கிடையாது.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, எல்லாம் உடைசல்தான்" என்று மேகத்தின் மனைவி கூச்சத்தோடு சொல்லியிருக்கிறாள்.

மேடம் அரைமணி நேரம் அங்கேயே இருந்தார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். யார் இதையெல்லாம் யோசித்துச் செய்தது என்று கேட்டாராம். படுத்திருந்த மேகம், "யோசிச்செல்லாம் செய்யலீங்க மேடம். இருந்ததை வெச்சோம்" என்றானாம்.

இந்தச் செய்தி அக்கா தங்கை வழியாக ரசமட்டத்தின் வீட்டுக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. அவர் வீட்டு சோபாவுக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை நாலு வருஷமாகப் பிரிக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் யாரும் குடிக்காத கோப்பைகள் காது ஒரே பக்கம் பார்க்க நின்றன. பிளாஸ்டிக் பூக்களை மாதத்துக்கு ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"நம்ம வீட்டுக்கு அந்தம்மா எத்தனை தடவை வந்திருக்காங்க" என்று அவர் மனைவி ஆரம்பித்தாள். "ஒரு போட்டோ எடுத்திருப்பாங்களா? சோபாவுல உக்காந்தாங்க, வழுக்குச்சு, எந்திரிச்சுப் போயிட்டாங்க. என் தங்கச்சி வீட்டு ஒடிஞ்ச ஸ்டூலைச் சுத்திச் சுத்தி எடுத்தாங்களாம்."

"உனக்கு இப்ப என்ன, ஸ்டூல் காலை ஒடிக்கணுமா?"

"ஒடிச்சாலும் நீங்க நாலையும் ஒரே அளவாத்தானே ஒடிப்பீங்க."

அவர் சாப்பிடாமல் எழுந்தார். வயிறு எரிந்தது. மனைவி சொன்னதற்காக எரியவில்லை. ஓட்டை ஸ்டூலும் கெட்டித் துணியும் போட்டோவாகி மேடத்தின் போனுக்குள் உட்கார்ந்துகொண்டதை நினைத்து எரிந்தது. அடுத்த நாள் காலையில் டப்பாவைத் திறக்குமுன் கண்ணை மூடியபோது அவர் வேண்டிக்கொண்டது இதுதான்: அவனுக்கு ஒரு கெடுதலும் வேண்டாம் ஆண்டவனே, முதல் போன் மட்டும் எனக்கே வரட்டும்.

அந்தப் போன் வந்தது. தெருமுனையில் ஒரு பெரிய பழைய வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு லேடி டாக்டர் அதில் தனியாக இருந்தார். தொண்டை டாக்டர் என்று ஊருக்கே அவரைத் தெரியும். அந்த வீட்டை வாபி-சாபி முறையில் செய்யப் போவதாகவும், வீட்டின் முகமே கூடம்தான் என்பதால் கூடத்துச் சுவர் யார் கைக்குப் போகும் என்று மாதிரி பார்த்து முடிவு செய்வதாகவும் மேடம் சொன்னார். ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அவரிடம் மாதிரி கேட்டதில்லை.

இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக் கொல்லைச் சுவரில் பழகிப் பார்த்தார். சுண்ணாம்பு கரைத்தார், பஞ்சால் ஒத்தினார், மேகம் அடிக்கிற மாதிரி கையை வீசினார். மூன்று நாள் அடித்தார், அழித்தார், அடித்தார். மனைவி துணி காயப்போட வந்தவள் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, போர்வை டிசைன் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் வீட்டில் துணி துவைக்கும் அறையின் சுவரில் ஆளுக்கு ஒரு பாய் அகல இடம் கொடுத்தார்கள். மேகம் தன் பங்கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனான். ரசமட்டம் ஒரு நாள் முழுக்கச் செய்தார். அடுத்த நாள் மேடம் வந்து அவர் பங்கின் முன் நெடுநேரம் நின்றார். நிறம் அடர்ந்து நின்ற ஒரு திட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு ஒரு சாண் தள்ளி வைத்தார். பிறகு இன்னொரு சாண்.

"அண்ணே, ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க. ஆனா அடுத்தது எங்க வரும்னு எனக்கு முன்னாடியே தெரியுது" என்றார்.

அப்போதுதான் ரசமட்டத்துக்கே அது தெரிந்தது. அவர் அளக்கவில்லை. கை தானாக அளந்திருக்கிறது. முப்பது வருஷம் பழகின கை.

கூடம் மேகத்துக்குப் போனது. ரசமட்டத்துக்குக் கதவுகள், ஜன்னல் சட்டங்கள், பின்பக்க அறைகள். யாரும் அவரை மட்டமாகப் பேசவில்லை. மேகம் வந்து, "அண்ணே, கூடத்துக்கும் நீங்களே நின்னு சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றான். அது இன்னும் எரிந்தது. இவனுக்குப் பயமாம். பயப்படுகிறவன் சீட்டியடித்துக்கொண்டா வேலை செய்வான்?

வேலை நடக்க நடக்க வீடு மாறியது. காட்சிக்கு வைத்திருந்த பீங்கான் பொம்மைகளை மேடம் பெட்டியில் கட்டி உள்ளே வைத்தார். தரைக் கற்களுக்குப் பாலிஷ் வேண்டாம், கழுவினால் போதும் என்றார். கத்தித் தழும்புகள் விழுந்த சாப்பாட்டு மேசைக்கு எண்ணெய் மட்டும் தேய்த்தார்கள். சுருக்கம் போகாத பருத்தித் துணியில் திரைகள். ஒரு மூலையில் ஒன்றுமே வைக்கவில்லை. அந்த மூலையில் சாயங்கால வெயில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. ஜன்னல் சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டே ரசமட்டம் அதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று மனசு சொன்னபோதெல்லாம் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கூடத்துச் சுவரில் ஒரு கறை இருந்தது. உட்கார்ந்தால் தலை படுகிற உயரம், ஒரு தட்டின் அளவு. டாக்டரின் கணவர் அந்த இடத்தில் நாற்காலி போட்டு, சுவரில் தலை சாய்த்து, முப்பது வருஷம் பேப்பர் படித்தவர். ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். தலையின் எண்ணெய் சுவரில் இறங்கிக் கறையாக நின்றது. பெயிண்டர்களுக்கு இது பெரிய தொல்லை. எத்தனை தடவை அடித்தாலும் எண்ணெய் மேலே வந்து எட்டிப் பார்க்கும். மேகம் அதைச் சுற்றி மெல்லிசாகச் சுண்ணாம்பு தீட்டிக்கொண்டு வந்தவன், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டான். யாரும் அவனிடம் சொல்லவில்லை. முதல் நாள் டாக்டரம்மா கூடத்தைக் கடந்து போனபோது அவர் கை போகிற போக்கில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போனதை அவன் பார்த்திருக்கிறான். அவரிடம் கேட்டான். இருக்கட்டும் என்றார். மேடத்துக்கு அது தெரிந்தபோது கண் கலங்கிவிட்டதாம். இந்த வீட்டுக்கே அதுதான் பொட்டு என்றாராம்.

ரசமட்டம் இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் கதவுக்குப் பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். தலை எண்ணெய்க்குப் பொட்டு என்று பெயர். அதை விட்டுவைத்தவனுக்குக் கலைஞன் என்று பெயர். முப்பது வருஷமாக அந்த மாதிரிக் கறைகளை இல்லாமல் ஆக்கியவனுக்குக் கதவு.

அன்று மதியம் டாக்டரம்மா எங்கோ வெளியே போயிருந்தார். மேகம் டீ குடிக்கப் போனான். கூடத்தில் ரசமட்டமும் அந்தச் சுவரும் மட்டும். போய் நின்று பார்த்தார். சுவர் முழுக்க மேகம் மேகமாக நிறம் மிதந்தது, நடுவில் அந்தக் கறை. அழுக்குதானே, அழுக்கைத் துடைப்பது பாவமா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். அது பாவமில்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டார். ஆண்டவனைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். கை அரித்தது. பட்டித் தகட்டை எடுத்தார். பத்து நிமிஷத்தில் கறை பட்டிக்கு அடியில் போய்விட்டது. அத்தனை நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. தகட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவுக்குத் திரும்பினார்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார், கூடவே மேடமும். டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. யார் இதைச் செய்தது என்று மேடம் கேட்டார். ஈரத் துணியோடு உள்ளே வந்த மேகம் சுவரைப் பார்த்தான். பிறகு, கதவருகே பிரஷ்ஷோடு நின்ற ரசமட்டத்தைப் பார்த்தான். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"நான்தாங்க மேடம். கை தவறிடுச்சு" என்றான்.

மேடம் சுவரிடம் போனார். அங்கே, கலைந்து மிதக்கும் நிறத்தின் நடுவில், ஒரு சதுரம் நின்றது. நாலு பக்கமும் அளந்து வெட்டிய மாதிரி. கண்ணாடி போல வழவழப்பு. பொறாமையில் வெந்துகொண்டு பட்டி பூசியபோதுகூட, அந்தக் கைக்குக் கோணலாகப் பூசத் தெரியவில்லை.

"நீங்களா? இவ்வளவு நேராவா?" என்றார் மேடம்.

மேகம் சதுரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாங்க நேரா வந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ரசமட்டத்துக்குத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அந்தச் சதுரம் அவர் கையெழுத்து. ஊரில் எந்தப் பெயிண்டரும் பார்த்த உடனே சொல்லிவிடுவான். இனி முதல் போனும் இல்லை, கடைசிப் போனும் இல்லை என்று புரிந்தது.

"நான்தான்மா பண்ணேன்" என்றார். டாக்டரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "கை தவறல. தெரிஞ்சேதான் பண்ணேன்."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. "எடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மேடம் மேகத்திடம் பட்டியைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். அவன் தகட்டை வாங்கிச் சுவரில் வைத்துவிட்டு, வைத்த வேகத்தில் எடுத்துவிட்டான். "எனக்கு வராது மேடம். நான் சுரண்டினா செங்கல்லு வரைக்கும் போயிடுவேன். கறையும் கூடவே வந்துடும். தோலை விட்டுட்டு மேல இருக்கிறதை மட்டும் எடுக்கணும். அந்தக் கை அண்ணனுக்குத்தான் இருக்கு."

அப்படித்தான் ரசமட்டம் தன் பட்டியைத் தானே தேய்த்து எடுக்க உட்கார்ந்தார். மேடத்துக்கு மனசில்லை. டாக்டரம்மாதான், அவரே செய்யட்டும் என்றார். இருப்பதிலேயே நைசான உப்புத்தாள். முழங்கால் மடக்கி, விளக்கைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, குழந்தையின் கன்னத்தைத் துடைக்கிற மாதிரி தேய்த்தார். ஒன்றரை நாள். டாக்டரம்மா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் அந்தப் பார்வை படுவது ரசமட்டத்துக்குத் தெரிந்தது. இந்தக் கையைக் கொடுத்தவனே, இப்போது இது வழுக்காமல் பார்த்துக்கொள் என்று உதட்டை அசைக்காமல் வேண்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள் மதியம், கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு நிறம் வெள்ளைக்குள்ளிருந்து தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். தட்டின் அளவு. முன்பைவிட மெல்லிசாக, மூடுபனிக்குப் பின்னால் இருக்கிற மாதிரி.

"போதும்" என்றார் டாக்டரம்மா.

சதுரத்தின் இடது ஓரத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு நேர்கோடு ஒன்று பாக்கி நின்றது. ரசமட்டத்தின் கை அதை நோக்கிப் போனது. அதை மட்டும் எடுத்துவிட்டால் சுத்தமாகிவிடும்.

"போதும்னு சொன்னேன். அதுவும் இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

இருந்தது. இன்றும் இருக்கிறது.

இதோடு ரசமட்டத்தின் மனசு தெளிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த வீட்டுப் படங்கள் ஒரு பத்திரிகையில் வந்தன. சுவரைப் பற்றி எழுதிய இடத்தில் மேகப் பூச்சு என்று போட்டிருந்தது. அவர் கேலியாக வைத்த பெயர் அச்சில் பெருமையாக வந்து உட்கார்ந்திருந்தது. வேறு வீட்டுக்காரர்கள் மேகப் பூச்சு வேண்டும் என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். முதல் போன் மேகத்துக்குப் போனது. மேகம் அடுத்த நிமிஷமே ரசமட்டத்தைக் கூப்பிட்டு, "அண்ணே, மேடம் உங்களைத்தான் கேட்டாங்க, உங்க லைன் கிடைக்கலையாம்" என்பான். லைன் கிடைக்காமல் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். ரசமட்டம் கழுத்துவரை பொத்தான் போடுவதை நிறுத்தினார். அவன் கருணை அவருக்கு மிளகாய்ப் பொடி மாதிரி இருந்தது. வேலைக்குப் போனார், நேர்த்தியாகச் செய்தார். மேகம் அடிக்கும் கூடத்துப் பக்கம் போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. அதிகாலையில் வந்து மேல் பாதி அடிக்கிற வழக்கத்தை மேகம் கடைசிவரை விடவில்லை. அண்ணனுக்குக் குதிகால் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் அவர் போனதே இல்லை. அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை இருவரும் பேசியதில்லை.

சுண்ணாம்புத் தூசியோ, வயசோ, மேகத்துக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தொலைவில் கட்டிக் கொடுத்திருந்த மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. தனியாகச் சமாளிக்க முடியவில்லை, இருவரும் வந்துவிடுங்கள் என்று அவள் அழுதாள். வீட்டைக் காலி செய்து போவதென்று முடிவானது. ஸ்டூலை டாக்டரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

சேதி கேட்ட அன்று ரசமட்டம் கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுப் பார்த்தார். இனி முதல் போன் மறுபடி இங்கே வரும். அந்தச் சந்தோஷம் தொண்டைக்கு வந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது சந்தோஷம்தான். சீக்கிரம் அனுப்பி வை ஆண்டவனே என்றுகூட ஒருநாள் வேண்டிக்கொண்டார்.

மேகம் ஊரை விட்டுப் போய் ஒன்பதாவது மாதம் அவர் போனுக்கு, அப்பா இறந்துட்டாரு என்று அவன் மகளின் அழுகைதான் வந்தது. அதனால் ரயில் நிலையத்தில் பார்த்ததுதான் கடைசியாகப் பார்த்தது. அக்காளும் தங்கையும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் இருவரும் மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நின்றார்கள். வண்டி ஊதியதும் மேகம் சட்டைப் பையிலிருந்து தன் வாடகை வீட்டுச் சாவியை எடுத்து ரசமட்டத்தின் கையில் வைத்தான். நகத்தடியில் சுண்ணாம்பு இருந்தது. அன்று காலையில்தான் பட்டது, இன்னும் ஈரம்.

"வீட்டுக்காரர் புதுசா வர்றவங்களுக்கு உங்களைத்தான் அடிச்சுக் கொடுக்கச் சொன்னாரு" என்றான், இரைத்துக்கொண்டே. "என் சுவருன்னு பாக்காதீங்க, உங்க இஷ்டப்படி நேராவே அடிங்க. மேல் பாதியை நான் விடியக்காலையில அடிச்சு வெச்சுட்டேன் அண்ணே. ஏணி வேணாம்."